கவிழ்ந்த வாளியும் பதினொரு பிரிவு யாப்பும்

முப்பத்துநான்கு வருட அரச சேவையில் நான் பொறாமைப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. எனக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றவர்கள், சன்னலோரக் கதிரை கிடைத்தவர்கள், மேலதிகாரி வீட்டுக் கலியாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள். என்றாலும் எல்லாரும் மனிதர்கள். ஓய்வு பெற்று மனைவியின் ஊரான சரவணைக்கு வந்த பிறகுதான் ஒரு வாளியின் மீது பொறாமைப்பட்டேன்.

நெளிந்துபோன தகர வாளி. நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஒரு பூவரசங் குற்றியின் மேல் அது இருக்கும். எங்கள் குறிச்சியில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, எல்லாம் உவர். குடிப்பதற்கு அந்த ஒரு கிணறுதான். வந்த மூன்றாம் நாள் இரண்டு குடங்களோடு போனேன். ஒன்றை நிரப்பி மற்றதை எடுக்க, பக்கத்து வீட்டுக் கனகர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இண்டைக்கு ஒரு குடம்தான்."

"ஆர் சொன்னது?"

"வாளி கவிண்டு கிடக்கெல்லே."

"எழுத்திலை இருக்கோ?"

கனகர் வாளியைத் தூக்கி உள்ளே பார்த்தார். "ஒண்டும் எழுதேல்லை, அண்ணை."

விசாரித்தேன். மிளகாய்த் தோட்டம் செய்யும் பூமணி அக்கா காலையில் முதல் ஆளாக வந்து ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். நாக்கில் உப்புத் தட்டினால் வாளியைக் கவிழ்த்துவிடுவார்; கூட அள்ளினால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடுமாம். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு குடம். வாளி நிமிர்ந்திருந்தால் அவரவர் தேவைக்கு. தண்டம் இல்லை, பதிவேடு இல்லை, மேன்முறையீடு இல்லை. (கடைசியாகச் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது.) கவிழ்ந்த நாளில் இரண்டாம் குடம் எடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் எடுத்ததில்லையாம்.

மும்மொழியிலும் சுற்றறிக்கை அனுப்பி, எட்டு எழுதுவினைஞர்களை நேரத்துக்கு வரவைக்க முடியாதவன் நான். இந்தத் தகரமோ வாய் திறக்காமல் ஒரு குறிச்சியையே ஆண்டது. கனடாவிலிருந்து வருபவர்கள் சொக்லேட்டோடு முதலில் பூமணி அக்கா வீட்டுக்குத்தான் போனார்கள். வேலி அடைப்பதற்குக்கூட என் மனைவி, "அக்காவை ஒருக்காக் கேட்டிட்டுச் செய்வம்" என்றாள். (கையொப்பமிட்டே விரல் தேய்ந்தவன் பக்கத்தில் நிற்கிறேன்!)

ஆகவே, கிணற்றுப் பாவனையாளர் சபை. அதன் விதிகளுக்கு ஒரு யாப்பு, பதினொரு பிரிவு. தலைவர் பதவிக்குப் பூமணி அக்கா போட்டியிடுவார் என்று அவரை வீழ்த்த ஒரு பேச்சைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவரோ முதல் கூட்டத்திலேயே எழும்பி, "தம்பி படிச்ச மனுசன், அவரே இருக்கட்டும்" என்று முன்மொழிந்துவிட்டு, மிளகாய்க்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் கிடந்து புளிக்கிறது.

பிரிவு நாலின்படி வீட்டுக்கு ஒரு அட்டை. அட்டைக்கு நாளாந்தம் நாலு குடம். வாளியை, "பாவனைக்கு உதவாத பொருள்" என்று குறிப்பெழுதி எங்கள் கொட்டிலுக்கு அனுப்பிவைத்தேன். கையொப்பத்தை வழமையைவிடப் பெரிதாகப் போட்டதாக ஞாபகம்.

முதல் வாரம் வரிசை நூல் பிடித்தது போல நின்றது. தனி ஆளான கனகர், முன்பு ஒரு குடத்தோடு போகிறவர், நாலு குடத்தோடு வந்தார்.

"என்னத்துக்கு நாலு?"

"அட்டையிலை கிடக்கு, அண்ணை. எடுக்காட்டி வீணாப் போயிடுமெல்லே."

மீதத்தில் ஆட்டைக் குளிப்பாட்டினார். அதைப் பார்த்து அடுத்த வீடும் நாலு. அதற்கடுத்த வீடும் நாலு. முன்பு கூடுதலாக எடுக்க வெட்கப்பட்டவர்கள் இப்போது குறைய எடுக்க வெட்கப்பட்டார்கள்.

பூமணி அக்கா வந்தார். "தம்பி, தண்ணி கரிக்குது."

"முறைப்பாட்டை எழுத்திலை தாங்கோ, அக்கா." அவருக்கு என் மீது பொறாமை என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். எனக்கு ஒன்றும் கரிக்கவில்லை. (பிறகுதான் தெரிந்தது, மனைவி ஒரு கிழமையாகக் கடைப் போத்தல் தண்ணீரையே குடிக்கத் தந்து, அதிலேயே தேத்தண்ணியும் போட்டிருக்கிறாள். என் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லையாம்.)

ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது என்னைவிட உயர்ந்த பதவியில் இருக்கும் ஒருவரைச் சபையைப் பார்வையிட அழைத்தேன். ஒரே நோக்கம், அவரும் கொஞ்சம் பொறாமைப்பட வேண்டும். கிணற்றடியில் கதிரை போட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணி போடுவித்தேன். விருந்தினர் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

"சேர், இது தேத்தண்ணியோ, மீன் சொதியோ?"

தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் நிரூபிப்பதற்காக என் கோப்பையை ஒரே மடக்கில் வாய்க்குள் கவிழ்த்தேன். அது உள்ளே போகவில்லை. அவரது வெள்ளைச் சட்டையில் பாதி, யாப்பின் மேல் மீதி.

"துப்பிறதுக்கு எந்தப் பிரிவு, அண்ணை?" என்றார் கனகர்.

சிரிப்பு கன நேரம் நீடிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் குடத்துத் தண்ணீரைக் கையில் விட்டுக் குடித்துப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "இனிப் பிள்ளைக்கு எதிலை பால் கரைக்கிறது?" என்று பொதுவாகத்தான் கேட்டாள்.

"வாளி எங்கை, தம்பி?" என்றார் பூமணி அக்கா.

கொட்டிலுக்கு ஓடினேன். வாளிக்குள் வைக்கோல், வைக்கோலின் மேல் எங்கள் செம்பேட்டுக் கோழி.

"தொடாதேங்கோ!" என்றாள் மனைவி. "அடை கிடக்குது. பொரிக்கப் பத்து நாள் கிடக்கு."

வெறுங்கையோடு திரும்பி வந்து, வேறொரு வாளியைக் கவிழ்ப்போமா என்று கேட்டேன்.

"வேற வாளிக்கு ஆர் மதிப்புக் குடுப்பினம்?" பூமணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் வந்து குற்றியிலை இரும்."

இருந்தேன். பத்து நாளும், விடிந்தது முதல் வெயில் ஏறும் வரை. நான் குற்றியில் இருந்தால் ஒரு குடம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஒருவரும் அட்டையை நீட்டவில்லை. ஒருவரும் காரணம் கேட்கவில்லை. குடத்தோடு வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், ஒன்றோடு போவார்கள். என் சேவைக் காலம் முழுவதிலும் எனக்கு அப்படியொரு கீழ்ப்படிவு கிடைத்ததில்லை.

பதினோராம் நாள் குஞ்சு பொரித்தது. வாளி குற்றிக்குத் திரும்பியது. தண்ணீர் பழைய ருசிக்கு வர மாரி வரை எடுத்தது. யாப்பு கடைக்குச் சீனி சுற்றப் போனது.

இப்போதும் மகன் வீட்டிலிருந்து காணொளி அழைப்பு வந்தால் பேத்தியின் முதல் கேள்வி: "அப்பப்பா, இண்டைக்கு நிமிந்து கிடக்கிறியளோ, கவிண்டு கிடக்கிறியளோ?" ஊரில் என் பெயர் வாளி ஐயா.

போன கிழமையும் குடத்தோடு போனேன். வாளி கவிழ்ந்திருந்தது. ஒரு குடத்தோடு திரும்பும்போது அதை ஒருமுறை முறைத்துப் பார்த்தேன். என் இடத்தில் அது எவ்வளவு சொகுசாக இருக்கிறது!