முதல் பாதி பார்க்காத லுப்கின்

பின்பாதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நியூயார்க்கில், நாற்பத்தைந்தாவது தெருவின் நாடகக் கொட்டகைகளில் இடைவேளை விட்டதும், நடைபாதைக்கு வந்து புகைக்கும் கூட்டத்தில் இவரைப் பார்க்கலாம். ஜனவரிப் பனியிலும் மேல்கோட்டு இருக்காது. டிக்கெட் வாங்கியவர்கள் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டுத்தானே வெளியே வருவார்கள்? இவருக்கு நாற்காலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மணி அடித்ததும் கூட்டத்தோடு உள்ளே போய், காலியாகக் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஜிப் வியாபாரி சீமோர் லுப்கின் இருபத்தாறு வருடமாக இப்படித்தான் இசை நாடகம் பார்க்கிறார். வாசல்காரன் உற்றுப் பார்த்தால், "முதல் பாதி சுமார்தான்" என்று பக்கத்து ஆளிடம் அலுத்துக்கொள்வார். குறை சொல்கிறவனை யார் தடுப்பார்கள்? காசு கொடுத்தவன்தானே குறை சொல்வான்?

இதில் வேடிக்கை, அமெரிக்க இசை நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும் அவருக்குத்தான் அத்துபடி என்று ஊரில் பெயர். பாஸ்ட்ராமி சாண்ட்விச்சைக் கடித்தபடியே சொல்லுவார்: கொட்டகை எரிந்து நடுத்தெருவில் நின்ற நடனக்காரிகளை ஒரு பேய்க் கதைக்குள் திணித்தது, முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களின் பாட்டைத் திருடிக் கூத்தடித்தது, வியன்னாவின் பாட்டு நாடகங்களிலிருந்து இளவரசர்கள் வந்து இறங்கியது, நாய் சைக்கிள் ஓட்டிய பல்சுவை மேடை, கடைசியில் பாட்டே கதையை நகர்த்தக் கற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் சொல்வார். ஒன்றுக்கும் ஆரம்பம் பார்த்ததில்லை. காதல் என்பது சண்டையில் தொடங்குவது என்றே நம்பியிருந்தார். மனைவி பெஸ்ஸை அவர் சந்தித்ததும் அவளுடைய முதல் நிச்சயதார்த்தம் முறிந்த பிறகுதான்.

வந்தது சோதனை. பெஸ்ஸின் அக்காள் மகள் ரோஸலின், ஆறு வருடம் கோஷ்டியின் கடைசி வரிசையில் ஆடியவள், முதன்முறையாகத் தனியாக ஒரு பாட்டுப் பாடப் போகிறாள். பாட்டு மூன்றாம் காட்சியில். அது முடிந்ததும் கதையில் அவளைக் கப்பலேற்றி அலாஸ்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர மாட்டாள்.

இரண்டு டிக்கெட்டை அவர் சட்டைப் பையில் செருகினாள். "எட்டரைக்குத் திரை தூக்கிடுவாங்க சித்தப்பா. நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

எட்டேகாலுக்கே போய் உட்கார்ந்தார். திரை உயர்ந்தது. லுப்கினுக்கு வியர்த்தது.

"அந்தத் தாடிக்காரன் யாரு?"

"இப்பதானே வர்றான்? எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள் பெஸ்.

"அவங்க ரெண்டு பேரும் ஏன் இன்னும் சண்டை போடல?"

"இன்னும் சந்திக்கவே இல்லையே, மனுஷா."

யாரையும் தெரியாத இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இரண்டாம் காட்சி முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். பனியில் நின்றார். கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் பாடியது, பிறகு கைதட்டல். டிக்கெட் பையில் இருந்தது, எந்நேரமும் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இடைவேளைக்காகக் காத்திருந்து, "முதல் பாதி சுமார்தான்" என்று வாசல்காரன் காதுபட அலுத்துக்கொண்டு நுழைந்து, சொந்த இடத்தை விட்டுவிட்டு வேறு யாருடைய காலி நாற்காலியிலோ போய் உட்கார்ந்தார். அங்கே எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனம் குளிர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் கொட்டகையின் பின்வாசலில் பாதி கலைந்த ஒப்பனையோடு ரோஸலின் வந்து நின்றாள். "எப்படி இருந்துச்சு சித்தப்பா?"

நாக்கு பழகிய தடத்தில் ஓடியது. "முதல் பாதி சுமார்தான். பின்பாதிதான் தூக்கி நிறுத்திடுச்சு."

"பின்பாதியில நான் இல்லையே" என்றாள் அவள்.

பெஸ், அவர் நாற்காலியிலேயே விட்டுப்போன மேல்கோட்டை நீட்டினாள்.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் நண்பர் தன் துயரத்தை முதலிலிருந்து சொல்ல வந்தபோது, "சரி, கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டது யார்? இந்தக் கடைசிப் பத்திக்கு நேரே வந்திருந்தாலும் பாதகமில்லை, நான் வாசல்காரன் அல்ல. வெளியே பனி கொட்டுகிறதே, உங்கள் மேல்கோட்டு எங்கே என்று மட்டும் கேட்கிறேன்.