மணற்குழி மாவீரனும் மாமனாரின் மதியச் சாப்பாடும்

வாழ்க வண்ணாரித்! புனோம்பென் நகரத்துக் கடைவாய்ப் பற்களுக்குக் காலனாய் வந்தவனே, அழுத குழந்தைகளையும் அலறிய அதிகாரிகளையும் ஒரே நாற்காலியில் சாய்த்து வென்றவனே, இடுக்கி பிடித்த கையால் கோல்ஃப் மட்டையும் பிடிக்கலாம் என்று நாற்பத்தாறாம் வயதில் துணிந்த தோள்வலியனே, வாழ்க! கல்பாலங்களின் இருபுறமும் படமெடுத்து நிற்கும் ஏழு தலை நாகமே, உன் தலைகளில் ஏதேனும் ஒன்றின் நாக்கை எனக்கு இன்று இரவல் தா. பாடப்போகும் சங்கதி மிகச் சிறியது. ஆகவே பெரிய வாய் வேண்டியிருக்கிறது.

அது பிச்சும்பென் காலம். இறந்தவர்கள் பதினைந்து நாள் அவிழ்த்துவிடப்பட்டு, பெருத்த பசியும் ஊசித் துளை அளவு வாயுமாக, நம் பிள்ளைகள் எங்கே சோறு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று விகாரை விகாரையாகத் தேடி அலையும் காலம். ஏழு விகாரைகளில் தேடியும் கிடைக்காவிட்டால் சபித்துவிட்டுத்தான் போவார்கள். வண்ணாரித்தின் மனைவி மொனிரத்துக்கு அந்தப் பயம் இந்த வருடம் புதிது. அவளுடைய தகப்பனார் யிம், அந்தச் சித்திரை மாதத்தில்தான் இறந்திருந்தார். உயிரோடு இருந்தவரை மகள் வைத்த புளிக்குழம்பை ஒருநாளும் உப்புக் கேட்காமல் அவர் சாப்பிட்டதில்லை. இப்போது எங்கே நின்று யாரிடம் உப்புக் கேட்கிறாரோ என்று அவள் அடுப்படியில் அழுதாள்.

ஆகவே ஓர் உடன்படிக்கை பிறந்தது. கோயில் நகரமான சியாம்ரீப்பில் மூன்று நாள் விடுமுறை. காலையில் வண்ணாரித்தும் மொனிரத்தின் தம்பி, சிமென்ட் வியாபாரி பிசித்தும் கோல்ஃப் ஆடிக்கொள்ளலாம். மற்ற நேரத்தில், பழைய கோயில்களின் நிழலில் இருக்கும் ஏழு விகாரைகளுக்கு அவளோடு வர வேண்டும். ஆறில் ஊதுபத்தி போதும். ஏழாவதில், மூன்றாம் நாள், பிக்குகளுக்கு அப்பா பேரில் முழுச் சாப்பாடு.

பகோங், லொலெய், அத்வியா என்று தொடங்கி ஆறு இடங்கள் முடிந்தன. ஆயிரம் வருடத்துக் கற்படிகளின் முன் மொனிரத் கைகூப்பி நின்றபோது, மாவீரர் இருவரும் அகழியைக் கண்ணால் அளந்து, இதைத் தாண்ட ஏழாம் எண் மட்டையா எட்டாம் எண்ணா என்று வாதிட்டார்கள். சுவரில் செதுக்கிய தேவமாதர்கள் புன்னகை மாறாமல் நின்றார்கள். இவர்களைவிட மோசமானவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

முதல் நாள் ஆட்டம் வண்ணாரித்துக்கு. இரண்டாம் நாள் பிசித்துக்கு. மூன்றாம் நாள் தோற்பவன் அடுத்த புத்தாண்டுவரை, குடும்பம் கூடும் இடமெல்லாம், வென்றவன் கோப்பையில் ஐஸ் போட்டு பீர் ஊற்ற வேண்டும். இந்தச் சபதத்தைக் கேட்டு வானம் இடித்தது என்று பாட ஆசைதான். உண்மையாகவே இடித்தது, ஒன்றரை மணி நேரம் மழை கொட்டியது. அதனால் கடைசிக் குழியான பதினெட்டாம் குழிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. கணக்கில் இருவரும் சமம். ஏழாவது விகாரை காரில் இருபது நிமிடம். உச்சிப்பொழுதுக்கு மேல் பிக்குகள் ஒரு பருக்கை தொட மாட்டார்கள். மைதானத்து வராந்தாவில், நாலடுக்குத் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மொனிரத் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வேளை நாயகன் மட்டையை ஓங்கினான். யானைத் துதிக்கையென எழுந்து, இடியென இறங்கி, பந்தை விண்ணிலே செலுத்தினான். அது நாரையோடு சிறிது தூரம் பறந்து, மனம் மாறி, கொடிக்கு இடப்பக்கம் இருந்த மணற்குழியில் விழுந்து புதைந்தது. பிசித் கெக்கலித்துச் சிரித்தான். பிறகு தன் மட்டையை ஓங்கினான். அவன் பந்தும் அதே குழியில், இரண்டு முழம் தள்ளி, தம்பியைப் போல் போய்ப் படுத்தது.

கேளுங்கள் அந்தக் குழியின் பெருமையை! மழை குடித்து இறுகிய அம்மணல் கோட்டையின் அடித்தளம் போன்றது. சிமென்ட் விற்ற பிசித்தே மூட்டை விலையை மறந்து மலைத்து நின்ற உறுதி கொண்டது. அதனுள் கனல் கக்கும் வேங்கையாய்ப் பாய்ந்த வண்ணாரித், ஓங்கி ஓங்கி அறைய, மணல் மலையாய் எழுந்து அவன் கண்ணிலும் மூக்கிலும் மணிக்கட்டுக் கடிகாரத்திலும் பொழிய, ஆயிரம் பற்களை வேரோடு பிடுங்கிய அந்தக் கை, வேரே இல்லாத ஒரு வெள்ளைப் பந்தைப் பிடுங்க மாட்டாமல் திணறியது. பந்து சற்றே புரண்டு, பழைய இடத்திலேயே இன்னும் வசதியாகப் படுத்தது.

மட்டைப்பை சுமந்து வழிகாட்டும் சினூன், அகலத் தொப்பியும் முகத்தை மூடிய துணியுமாக, கண்கள் மட்டும் தெரிய, கரையில் நின்றாள்.

“அண்ணே, கையால எடுத்து வெளிய வச்சிடுங்க. காலையிலிருந்து குளத்துல போட்ட பந்தே ஏழு. உங்க ஏழு தலைமுறைக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாச்சு.”

“கையால எடுத்தா தோத்த மாதிரி சினூன்.”

“மச்சான், தோத்தேன்னு சொல்லிடேன். அக்கா பாத்துக்கிட்டிருக்கு” என்றான் பிசித், தன் முறைக்கு மணலில் கால் ஊன்றியபடி.

“நீ எத்தனாவது அடி மாப்ளே?”

“அஞ்சு.”

“எட்டு. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.”

“காத்துல வீசினதையெல்லாம் எண்ணுவியா?”

“காத்துல வீசினாலும் அடிதான் அண்ணே” என்றது முகத்துணி.

பக்கத்து ஊர் விகாரையில், பிக்குகளைச் சாப்பாட்டுக்கு அழைக்கும் முரசு அதிர்ந்தது. குழியில் இருந்தவர்களோ அதைத் தங்கள் போர்ப்பறை என்று எடுத்துக்கொண்டு வெறிகொண்டார்கள்.

சினூன் வராந்தாப் பக்கம் பார்த்தாள். மொனிரத் எழுந்து நிற்பதும், உட்காருவதும், மறுபடி எழுவதும் தெரிந்தது. அவர்கள் போகவேண்டிய விகாரை சினூனின் ஊரில்தான். அவள் அக்கா அங்கே சமையலுக்கு உதவிக்கொண்டிருந்தாள். சினூன் திரும்பி நின்று தொலைபேசியை எடுத்தாள்.

“அக்கா, பெரிய சாமிகிட்ட கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. ஒரு வீட்டுச் சாப்பாடு வருது. இங்க ரெண்டு பேரு குழிக்குள்ள இருக்காங்க.”

“ஐயையோ, செத்துட்டாங்களா?”

“இல்லக்கா. கோல்ஃப்.”

போரைப் பாடுகிறவர்கள் இப்படிப்பட்ட ஒரு வேண்டுகோளைப் பாடுவதில்லை. அது பெரிய தவறு என்பது என் எண்ணம். உலகத்தில் பாதிப் பேருடைய சோறு, யாரோ ஒருவர் எங்கோ சொன்ன ‘கொஞ்சம் பொறுங்க’ என்ற சொல்லால்தான் ஆறாமல் இருக்கிறது.

அப்போது வந்தாள் மொனிரத். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பட்டு, ஒரு கையில் செருப்பு, மறு கையில் தூக்குப் பாத்திரம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு, அரச யானை நடந்து வருவது போல் அவள் வர, புல் வெட்டும் இயந்திரங்கள் தாமாகவே நின்றன. குழியின் விளிம்பில் நின்றாள். பன்னிரண்டாம் அடிக்கு ஓங்கிய மட்டை அந்தரத்தில் நின்றது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து இருவரும் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்கள்.

“அப்பா இன்னும் சாப்பிடல” என்றாள்.

அவ்வளவுதான். எந்த வில்லிலிருந்தும் இப்படி ஓர் அம்பு புறப்பட்டதில்லை. நாயகன் மட்டையைக் கீழே போட்டான். குனிந்தான். மூன்று நாள் ஆட்டத்தின் வெற்றியையும் ஆறு மாத பீரையும் அந்தக் குழியிலேயே விட்டுவிட்டு, பந்தைக் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வெற்றி முழுவதும் பிசித்தின் காலடியில் கிடந்தது. அவனும் ஒரு கணம் அதைப் பார்த்தான்.

“நானும் எடுத்துட்டேன் மச்சான்” என்றான், மணலைத் தட்டியபடி. “வா, ஓடு!”

“முழங்கால் தெரியுற இந்தக் கால்சட்டையோடயா சாமி முன்னாடி உட்காருவீங்க?” என்று சினூன் தன் இடுப்பில் கட்டியிருந்த கட்டம்போட்ட துண்டை அவிழ்த்து, மாவீரனின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மொனிரத் இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

“இன்னைக்கும் உனக்கு வேலையாம்மா? விகாரைக்குப் போகலையா?”

“லீவு கிடைக்கலக்கா.”

“உங்க வீட்டுல இறந்தவங்க யார் பேரைச் சாமிகிட்ட படிக்கச் சொல்லணும்?”

சினூன் முகத்துணியைக் கீழே இறக்கினாள். “எங்கப்பா. லொய்.”

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, சாய்ந்து நிற்கும் பழைய செங்கல் கோபுரத்தைச் சுற்றி, சேற்றை வாரி இறைத்தபடி கார் வந்து நின்றது. மண்டபத்தில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பிக்குகள் எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள், ஒருவரைத் தவிர. வயதான அந்த ஒருவர், காலியான திருவோட்டின் மேல் உள்ளங்கையை மூடி வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பொண்ணு போன்ல பொறுங்கன்னு சொல்லிச்சாம். வயிறு கேக்கமாட்டேன்னுச்சு. நான் கேட்டேன்” என்றார்.

மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். காணிக்கை உறையை எடுக்க வண்ணாரித் அவசரமாகப் பைக்குள் கைவிட்டான். உறையோடு சேர்ந்து பந்தும் வந்து, டங்கென்று திருவோட்டில் விழுந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மொனிரத் கண்ணை மூடிக்கொண்டாள். பிசித் தூணைப் பார்த்தான். பெரியவர் அதை எடுத்து, ஒட்டியிருந்த மணலை விரலால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாவம், செத்தவங்க ஊசி வாய்க்கு இது போகாது” என்று சொல்லி, தன் பக்கத்தில் பாயில் வைத்துக்கொண்டார்.

பெயர்கள் படிக்கப்பட்டன. யிம்மின் பெயருக்குப் பின்னால் லொய் என்ற பெயரும் படிக்கப்பட்டது. மொனிரத் அடுக்கைத் திறந்து, சோற்றையும் புளிக்குழம்பையும் திருவோட்டில் பரிமாறினாள். விண்ணிலே முழக்கமில்லை, பூமழை இல்லை. கோபுரத்து இடுக்கில் முளைத்த செடி மட்டும் காற்றில் ஆட, கைகூப்பிய மூவரும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, யிம்மின் பசி அந்த ஒரு கரண்டியின் நுனியில் தொங்க, அந்த முதுபெரும் துறவி முதல் கவளத்தை மெதுவாக மென்று விழுங்கினார்.

பிறகு, “கொஞ்சம் உப்பு இருக்கா?” என்று கேட்டார்.