துண்டுக்குள் விலைபோன மில்லிங் மெஷின்

விற்கப் போன இடத்தில் வாங்கிக்கொண்டு வருகிற ஆட்கள் உலகத்தில் சிலர் உண்டு. எங்கள் வீட்டில் அது நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நானும் கூட்டாளி ஒருவனும் பட்டறை போட்டிருந்தோம். பல்சக்கரம் வெட்டியே பணக்காரர்களாகிவிடுவதாகத் திட்டம். (திட்டத்துக்கு என்ன குறைச்சல்.) ஒரு நாள் அவன் கோயம்புத்தூர் போய் வருகிறேன் என்று கிளம்பினான், வரவில்லை. போகும் முன்பே மில்லிங் மெஷினின் மோட்டாரையும், கட்டரை மாட்டுகிற ஆர்பர் தண்டையும் யாருக்கோ விற்றிருந்தான். எனக்கு மிஞ்சியது கையும் உயிரும் போன இரும்பு.

அதை விற்றுவிட்டுச் சொந்த ஊரான ஜெயங்கொண்டத்துக்கே திரும்பிவிட வேண்டும். அப்போது என் லட்சியம் அது ஒன்றுதான். தனிமை அவ்வளவு கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் மெட்ராஸ் வண்டி வரும் நேரம் பிளாட்பாரத்தில் போய் நிற்பேன், யாரையோ அழைத்துப்போக வந்தவன் மாதிரி. எல்லோரும் இறங்கிப் போன பிறகு நானும் திரும்புவேன். அந்த மாதங்களில் நான் அதிகம் பேசியது அந்த மெஷினோடுதான். 'உனக்கு என்னதான் விலை சொல்வது?' என்று கேட்பேன்.

பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். லேத் வைத்திருப்பவர்கள் "மோட்டாரோட கொண்டாங்க, பேசலாம்" என்றார்கள். கடைசியில், டீக்கடையில் பழக்கமான மாட்டுத் தரகர் மாணிக்கத்திடம் சொன்னேன். (சிரிக்காதீர்கள். என்னோடு நின்று பேசியவர் அவர் ஒருவர்தான்.)

"பல்லு போன மாட்டையே வித்துக் குடுத்திருக்கேன் தம்பி. பெரம்பலூர்ல ஒருத்தர் இதே மிஷின் விஷயமா அலையிறாரு. சந்தைக்கு வாங்க, முடிச்சுடலாம். விரலுக்கு இருநூறு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிக்க வேண்டும். பெரம்பலூர்க்காரர் வந்திருந்தார். (மெஷினைப் பார்க்காமலே வாங்க வந்திருக்கிறாரே என்று ஒரு சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை.) வணக்கம் சொல்லக்கூட விடாமல் தரகர் என் தோளில் கிடந்த துண்டை உருவி எங்கள் கைகளின் மேல் போட்டார். இன்னொரு மனிதரின் கையைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு. மூன்று விரலைப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நான்கைப் பிடித்தார்.

நான் கேட்டதைவிடக் கூடக் கொடுக்கிறார். இப்படியும் ஒரு நல்ல மனிதரா என்று கண் கலங்கிவிட்டது. அவர் மனம் மாறுவதற்குள் நானும் நான்கு விரலை அழுத்திப் பிடித்தேன். தரகர் துண்டை எடுத்தார். "முடிஞ்சுது."

பெரம்பலூர்க்காரர் ஒரு சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தார். உள்ளே என் மோட்டார், என் ஆர்பர் தண்டு.

"எடுத்துக்குங்க. உங்க கூட்டாளி என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். நல்லவேளை நீங்க வந்தீங்க" என்றார்.

"அண்ணே, நான் விக்க வந்தவன்" என்றேன் தரகரிடம்.

"பசு உங்ககிட்ட இருக்கு, கன்னு அவருகிட்ட இருக்கு. பசு வச்சிருக்கவன்தானே தம்பி கன்னை வாங்குவான்? துண்டுக்குள்ள கை குடுத்துட்டு மாத்திப் பேசுனா, நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?"

சுற்றி நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். ஊருக்குப் போக வைத்திருந்த பணமும் கை மோதிரமும் போயின. என் சாமானை நானே விலை கொடுத்து வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். (மெஷினிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை.)

முழுசான பிறகு அதை விற்க மனம் வரவில்லை. ஓட்டிப் பிழைத்தேன். அரியலூரிலேயே தங்கிவிட்டேன்; கல்யாணமும் ஆயிற்று. இந்தக் கதையைக் கேட்ட நாள் முதல், கடைக்குப் போக நான் பையைத் தொட்டால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி சொல்வாள்: "துண்டை வூட்டுலயே வச்சுட்டுப் போங்க." பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து போன் பண்ணினால் இன்றும் முதலில் கேட்பது துண்டைப் பற்றித்தான்.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. காய் வாங்கக் கிளம்பும்போது துண்டை நானே கதவு ஆணியில் மாட்டிவிடுகிறேன். மாட்டிவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.