பேனரில் விட்டுப்போன வரத்தும் புடவையில் வந்து சேர்ந்த கெளுத்தியும்

பொதுச்சேவை செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. வேலை செய்கிறவர்கள் ஒரு வகை, பேனர் வைக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் ஒரு வருஷம் ஒழுங்காக முதல் வகையில் இருந்தேன். பிறகு ஒரே ஒரு புதன்கிழமை இரண்டாம் வகைக்குத் தாவினேன். அந்தப் புதன்கிழமையைப் பற்றிய வாக்குமூலம்தான் இது.

உத்திரமேரூரில் நானும் என் கணவரும் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். கடைக்குப் பின்னால் ஓர் ஓடை. மேட்டு வயல்களில் பெய்யும் மழையை ஏரிக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஆனால் நாங்கள் கடை போட்ட காலத்தில் அது எதையும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. ஊர் கொடுத்ததை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. ஒரு மழைக்கு அந்தத் தண்ணீர் கடைக்குள் புகுந்து, புதிதாக வாங்கிய ரோல்களை எல்லாம் நாசம் செய்தது. நான் பின்பக்கம் போய் நின்று ஊரையே திட்டித் தீர்த்தேன். (அப்போது எனக்கு நல்ல குரல்வளம்.)

எதிர் வீட்டு சரசக்கா வந்து, எங்கள் பின்வாசலில் ஓடைமேல் இருந்த சின்னப் பாலத்துக்கு அடியில் கையை விட்டு, அடைத்துக்கொண்டிருந்ததை இழுத்துப் போட்டார். ஒரு பேனர். மணமக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் எங்கள் கடையின் பெயரும் செல்போன் எண்ணும்.

"இன்னா லதாம்மா, உன் கட சரக்குதான் அடச்சிக்கினு கீது. யார திட்டிக்கினு கீற?"

அந்த வெட்கத்தில் ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. சரசக்கா நடவு, களை, நூறு நாள் வேலை என்று மண்ணிலேயே இருப்பவர். நான் என் கடையின் பின்பக்கத்தில் தோண்ட ஆரம்பித்தேன். அவர் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இங்க தோண்டினா உன் கட குட்டையா பூடும். ஏரிப் பக்கத்துல இருந்து வரணும்மா." அப்படியே ஏரி முனையிலிருந்து மேல் நோக்கி வந்தோம். வாராவாரம் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. முதலில் நானும் அவரும் என் கணவரும்தான். பிறகு தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைகளின் டயப்பர், திருஷ்டிப் பூசணிக்காய், சலூன் முடி, அரைக் கட்டில் என்று என்னென்னவோ வந்தன. வேலிக்காத்தான் வேர் ஒன்றை வெட்ட மட்டும் மூன்று ஞாயிறு ஆனது. என் உள்ளங்கைக் காய்ப்பைக் கணவரிடம் தினமும் காட்டுவேன். அவர் தன்னுடையதைத் திருப்பிக் காட்டுவார். எங்கள் தாம்பத்தியத்தில் அவ்வளவு நெருக்கமான காலம் வேறு கிடையாது.

ஒரு வருஷத்தில் ஏரியிலிருந்து எங்கள் பின்வாசல் பாலம்வரை வழி சுத்தமானது. சரியாக அந்த நேரத்தில்தான், ஓடையின் மேல் கான்கிரீட் மூடி போட்டு வண்டி நிறுத்த இடமாக்கலாம் என்று பேரூராட்சியில் ஒரு யோசனை கிளம்பியது. பொறியாளர் ஒருவர் வந்து பார்ப்பாராம். அவர் சாக்கடை என்று எழுதினால் மூடி. ஏரிக்குப் போகும் வழி என்று எழுதினால் ஓடை பிழைக்கும். எங்கள் ஐம்பத்திரண்டு ஞாயிறும் அவர் எழுதப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

கையில் ஃப்ளெக்ஸ் மெஷின் இருக்கும்போது புத்தி வேறெங்கே போகும்? இருபது அடி பேனர் ஒன்று வடிவமைத்தேன். 'வரத்துக் கால்வாய் காப்போம்' என்று போட்டுப் பார்த்தேன். எழுத்தும் என் படமும் சேர்ந்து அடங்கவில்லை. ஒன்றை எடுத்தாக வேண்டும். சற்றும் யோசிக்காமல் 'வரத்து'வை எடுத்தேன். 'கால்வாய் காப்போம்', பக்கத்தில் பட்டுப்புடவையில் கைகூப்பியபடி நான்.

சரசக்கா பேனரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாமா, வெறும் காவான்னு போட்டுக்கினு கீற? ஏரிக்குப் போறது வரத்துக் காவா. வெறும் காவான்னா நம்மூர்ல சாக்கடதானே?"

"அக்கா, கால்வாய் என்பது நல்ல தமிழ்ச் சொல்" என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். "வாய்க்கு வசதியாகச் சுருக்கிக் காவா என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அதைக் கெடுத்துவிட்டோம்."

"கெடுத்தது நாங்கதான், சரி. பாத்துக்க" என்றார் சரசக்கா.

புதன்கிழமை பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், அமைதியானவர். நான் பேனரில் இருந்த அதே பட்டுப்புடவையில் நின்றிருந்தேன். (ஆளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டுமே என்று.) அவர் என்னைக் கேட்கவில்லை. டிவிஎஸ் ஃபிஃப்டியில் போன ஒருவரை நிறுத்தினார்.

"இது இன்னாங்க?"

வண்டிக்காரர் பேனரை அண்ணாந்து பார்த்தார். "அதான் எழுதிகிறாங்களே. காவா சார்."

எனக்கு ஒரே பெருமை. பேனர் வேலை செய்கிறதே! அடுத்து பூக்கார அம்மாவும் 'காவா' என்றார். மூன்றாவது ஆளும் அதையே சொன்னார். நான் கைதட்டாத குறை. சரசக்கா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதும்மா" என்று பொறியாளர் குறிப்பேட்டைத் திறந்தார். "எல்லாரும் சாக்கடைன்னுதான் சொல்றாங்க. நீங்களே எழுதியும் வெச்சிருக்கீங்க. மூடி போட்டுடலாம்."

ஒரு வருஷம்! என் படத்துக்காக நானே ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். "ஐயா, இது தூய நீரோடை! தாங்களே காணுங்கள்!" என்று மேடைத் தமிழில் முழங்கிக்கொண்டே, தண்ணீரை அள்ளிக் காட்டக் கரையில் இறங்கினேன். பிடிமானத்துக்குப் பேனர் கயிற்றைப் பிடித்தேன். அது என் கணவர் போட்ட முடிச்சு.

நானும் பேனரும் ஒன்றாக இறங்கினோம். அந்த வாரம் முழுக்க மழை. இடுப்பளவுத் தண்ணீரில் நான் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் பேனர் வந்து மூடியது. உள்ளே அழுகிற நான், வெளியே கைகூப்பிச் சிரிக்கிற நான். என் கணவர் பேனரை விலக்குவதற்கு முன் படம் எடுக்கச் செல்போனைத் தேடினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போதுதான் மடியில் ஏதோ துள்ளியது. புடவைக் கொசுவத்துக்குள் புகுந்து சுருக்கென்று குத்தியது. இருபது வருஷமாகப் பிழை திருத்திச் சேர்த்த தமிழ் முழுவதும் ஒரே நொடியில் போய்விட்டது.

"ஐயோ! மீனு சார்! மீனு கீது சார்! கடிச்சிக்கினு கீது சார்!"

சரசக்கா ஓடிவந்து கையை விட்டு எடுத்தார். மீசையோடு ஒரு கெளுத்தி. பொறியாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கரையிலேயே குந்தினார்.

"இது ஏரி மீனாச்சே. எப்பிடி இங்க?"

"ஏரி ரொம்பிகிது சார். எதிர்த்தண்ணில ஏறி வந்துகீது" என்று சொல்லிக்கொண்டே சரசக்கா பாலத்தடியில் கைவிட்டு இன்னும் இரண்டை எடுத்துக் கரையில் போட்டார்.

பொறியாளர் அந்த மீன்களையே பார்த்தார். பிறகு ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார். "நடுவுல ஒரு எடத்துல அடச்சிருந்தாக்கூட இது இங்க வந்திருக்காது" என்றார். "யாரும்மா இத்தினி தூரம் தூர் வாரினது?"

"நாங்கதான்" என்றேன். முகத்திலிருந்து சேறு சொட்டியது. மூக்கு ஒழுகியது. என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையாக நான் எந்த வார்த்தையையும் சொன்னதில்லை. அவர் 'ஏரி வரத்து' என்று எழுதி, எனக்கும் காட்டினார்.

மூடி வரவில்லை. ஞாயிறு வேலை இன்றும் நடக்கிறது. வீட்டில் மட்டும் எனக்கு மரியாதை போய்விட்டது. சாவி கிடைத்தால், கண்ணாடி கிடைத்தால், சாம்பாரில் ஒரு முருங்கைக்காய் கிடைத்தால்கூட என் கணவர் "கீது சார்! கீது சார்!" என்று அலறுகிறார். மகளும் பின்பாட்டுப் பாடுகிறாள்.

போன மாதம் அவளைப் பெண் பார்க்கச் சாலவாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "உங்க வூட்ல யாரோ சாக்கடைல வியுந்தாங்கன்னு பேசிக்கிறாங்களே, யாருங்க அது?"

என் கணவர் பஜ்ஜித் தட்டை ஆராய ஆரம்பித்தார். மகள் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள்.

"நான்தாங்க" என்றேன். "ஆனா சாக்கடைல இல்லீங்க. ஏரி மீன் ஏறி வர்ற தண்ணில."

அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க ஊர்ப் பக்கம் மீன் ஏறி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார். "சம்பந்தியம்மா ஒருவாட்டி அங்க வந்து வியுந்தா நல்லாருக்கும்."