ஏன் காக்காவும் ஒன்றரை றாத்தல் பாணும்

கல்முனைக் கரையில் அல்லாஹ் படைத்த மனிதர்களிலேயே, சாப்பிடப் போகிறவனை வழிமறித்துச் சாப்பிட விடாமல் செய்து, அதற்காகச் சம்பளமும் வாங்கிய ஒரே ஆள் ஏன் காக்காதான். அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி பாண்டிருப்பு முதல் சாய்ந்தமருது வரை, அண்ணனைக் காக்கா என்கிற எங்கள் வழக்கப்படி, அவர் ஏன் காக்கா. சைக்கிளில் வருவார், இறங்குவார், யார் கையில் எந்தச் சாமான் இருக்கிறதோ அதைச் சுட்டிக்காட்டி, "இத ஏன் வாங்கின நீங்க?" என்பார். சில பெண்கள் அவர் தலை தெரிந்ததும் கூடையை முந்தானையால் மூடிக்கொள்வார்கள்.

கூப்பன் அரிசி நின்று உணவு முத்திரை வந்து, இறக்குமதிச் சாமான்கள் கடைகளை நிறைக்கத் தொடங்கிய எண்பதுகளின் முற்பகுதி அது. கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நெல் விளைகிற பகுதியில் சனங்கள் எதற்காகக் கோதுமை மாப் பாணுக்குக் காலையில் வரிசையில் நிற்கிறார்கள்? இதைக் கண்டுபிடிக்கக் கல்முனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பொருளியல் பட்டதாரியான ஏன் காக்காவை மேற்பார்வையாளராகவும், உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்ட என்னைக் கணக்கெடுப்பாளனாகவும் நியமித்தார்கள். நாங்கள் இரண்டு பேர், ஒரு மேசை, பதினொரு பக்க வினாக்கொத்துகள் ஆறு பெட்டி. எங்கள் பிரிவு அவ்வளவுதான்.

முதல் நாளே என்னைச் சோதித்தார்.

"தம்பி, பொருளியல்ல கேள்வி எண்டா என்ன?"

"ஆக்களுக்கிட்ட கேக்குறதுதானே காக்கா."

"இதுக்குத்தான் ஒன்ன ரெண்டு தரம் பெயிலாக்கின."

பிறகு கரும்பலகையில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு கோடு போட்டார். விலை ஏறினால் வாங்குவது குறையும், விலை இறங்கினால் வாங்குவது கூடும், வாங்குகிற அந்த விருப்பத்துக்குத்தான் புத்தகத்தில் கேள்வி என்று பெயர், இந்தக் கோடு கேள்வி வளையி. அதைச் சொல்லும்போது குர்ஆன் ஓதிக் கொடுக்கிற லெவ்வையின் முகத்தில்கூட நான் அவ்வளவு பக்தியைப் பார்த்ததில்லை. அந்தக் கோட்டை அவர் அழிக்கவே விடவில்லை. கூட்டுகிற பெண்ணுக்குப் பலகையின் மற்றப் பாதி மட்டும்தான் சொந்தம்.

அவருடைய முதல் ஆராய்ச்சிக் களம் பேக்கரி வாசல். சுபஹுத் தொழுகை முடிந்து வருகிற கூட்டத்தின் முன்னால் கிளிப் போட்ட அட்டையுடன் நிற்பார்.

"ஏன் பாண் வாங்குறீங்க?"

"திங்கத்தான்."

"அது தெரியும். ஏன் சோறு திங்கல்ல?"

"மனே, நீ வேல வெட்டி இல்லாம நிக்கிறா. நான் வயலுக்குப் போகணும்."

இரண்டு நாளில் வரிசை பாதியாகிவிட்டது. காலையில் பசியோடு வந்தவன் பரீட்சை எழுத விரும்புவானா? மூன்றாம் நாள் பேக்கரி முதலாளி வெளியே வந்து, சுடச்சுட நாலு பணிஸைக் கடதாசியில் சுற்றி ஏன் காக்காவின் கையில் வைத்தார். "தம்பி, கோவிக்காம, நாளையிலரிந்து அடுத்த தெருப் பேக்கரி வாசல்ல நின்டு கேளுங்க. அவனுக்கும் கொஞ்சம் அறிவு வரட்டும்" என்றார். ஏன் காக்கா பணிஸை என்னிடம் தந்துவிட்டு, "விற்பனையாளரின் ஒத்துழைப்பு மிக நன்று" என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது மீன் சந்தை. அங்கே பாண்டிருப்புக் கந்தப்பரைப் பிடித்து, ஒரே வலையில் வந்த கீரி மீனை இரண்டு குவியலாகப் போட வைத்தார். ஒன்றுக்கு மலிந்த விலை, மற்றதற்கு ஏறிய விலை. மலிந்தது எவ்வளவு கெதியாக முடிகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலை ஏறிய குவியல்தான் முதலில் முடிந்தது. மலிந்ததைச் சனங்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

கந்தப்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, மலிவா வித்தா மீன் நாறிட்டுதெண்டுதான் சனம் நினைக்கும். இது என்ட அப்பாக்கும் தெரியும். அவர் பள்ளிக்கூடம் போகல்ல."

நான் மெதுவாக, "காக்கா, அப்ப கோடு மேலயெல்லா போகுது" என்றேன்.

அவர் அட்டையை மூடினார். "கோடு சரி தம்பி. சனந்தான் பிழை."

இந்த மனிதரைக் கல்யாண வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். ஊர் அவ்வளவு நல்லது. ஒரே சஹன் தட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்குப் பக்கத்தில் ஏன் காக்கா. அவருக்கு எதிரே சாய்ந்தமருது மாட்டு வியாபாரி ஒருவர், இறைச்சியை அன்போடு அணுகுகிற மனிதர். அவர் இரண்டாவது துண்டை வாயில் வைத்ததும் ஏன் காக்கா கேட்டார்.

"ரெண்டாந் துண்டு மொதத் துண்டவிட ருசி குறைவாத்தானே இரிக்கும்?"

வியாபாரி மென்றபடியே யோசித்தார். "அப்பிடியெண்டு சொல்லேலா" என்று மூன்றாவதை எடுத்தார்.

"மூணாவது?"

"இன்னம் முடிவெடுக்கல்ல." நாலாவதையும் எடுத்தார்.

ஏன் காக்கா விடாமல் கேட்டுக்கொண்டே போனார். அவர் ஆராய்ச்சியை முடித்துச் சஹனைக் குனிந்து பார்த்தபோது அங்கே வெறும் சோறும், ஒரு கறுவாப்பட்டையும் மிஞ்சியிருந்தன. அதையும் ஒரு தரவாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மேற்பார்வையாளருக்குக் கீழே ஒருவன் ஒழுங்காக வேலை செய்வானா? நான் செய்யவில்லை. வரிப்பத்தான்சேனையில் இருபது வீடுகளை எனக்கு ஒதுக்கினார்கள். நான் அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் போய், பஸ் நிலையத்துக்கு எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, இருபது குடும்பங்களையும் நானே பெற்று வளர்த்தேன். பெயர் வைத்தேன், பிள்ளைகள் கொடுத்தேன், பாண் தின்ன வைத்தேன். விலை ஏறினால் எத்தனை பேர் குறைப்பார்கள் என்பதையும் கரும்பலகைக் கோட்டை நினைவில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

ஏன் காக்கா அவற்றை விரித்து வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "தம்பி, ஒன்ட இருவது வீடும் கோட்டுல அச்சொட்டா வந்து உக்காருது. இவங்கதான் சனம்."

இந்த நேரத்தில் பாண் விலை ஏறியது. ஊர் முழுக்க முணுமுணுத்தது. ஏன் காக்காவுக்குப் பெருநாள். எந்த வீடு எவ்வளவு குறைக்கிறது என்று பழைய வினாக்கொத்துகளோடு ஒப்பிடத் தொடங்கினார். எல்லா வீடும் குறைத்திருந்தது. மருதமுனையில் ஒரு வீடு மட்டும் கூட்டியிருந்தது. கைத்தறியில் சாரன் நெய்கிற சுலைஹா ராத்தா. கட்டிய மாப்பிள்ளை சவூதியில். ராத்தாவும் இரண்டு பிள்ளைகளும் முன்பு ஒரு றாத்தல் பாண் வாங்கினார்கள். விலை ஏறிய பிறகு ஒன்றரை றாத்தல்.

மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விலை ஏற ஏறக் கூட வாங்கப்படுகிற சாமான் உலகத்தில் மிக அபூர்வம், புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் அதற்கு இருக்கிறது, அதை நேரில் கண்டவர்கள் இல்லையென்றே சொல்லலாம் என்று மூச்சு வாங்க விளக்கினார். அன்று பின்னேரமே கொழும்புக்கு நாலு பக்கக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். பிறகுதான், அந்த வீட்டுக்குப் போய்க் காரணத்தைக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். சுலைஹா ராத்தா தறியில் இருந்தார். கையையும் காலையும் நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"ஏன் ராத்தா பாண் கூட வாங்குறீங்க?"

"புள்ளைகளுக்கு விருப்பம்."

"விலை ஏறின மறுகா விருப்பம் கூடினயா?"

"ஓம்."

"அது எப்பிடி?"

தறிச் சத்தம் நின்றது. ராத்தா வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"தம்பி, அவர் கடதாசி போட்டு ஒன்றர வருஷமாகிது. காசும் இல்ல, கதையும் இல்ல. ஊருக்கு நான் சவூதிக்காரன்ட பொண்டாட்டி. சோறாக்கினா அடுப்பு பொகையும். பொகஞ்சா கறி வாசம் வரணும். வரல்லயெண்டா நாலு வேலிக்கும் தெரிஞ்சிரும். பாண் வாங்கினா, அடுப்பு பொகையல்லயே எண்டு ஒத்தரும் கேக்க மாட்டாங்க. வசதியான ஆக்கள், கடையில வாங்கித் திங்கிறாங்க எண்டு நினைப்பாங்க."

ஏன் காக்காவின் பேனை அட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"முந்தி அதோட கடையில பொரிச்ச மீன் ரெண்டும் வாங்கிக் குடுத்த. பாண் ஏறின மறுகா மீனுக்கு இல்ல. மீன் திண்ட பசிக்கும் பாணத்தானே திங்கணும்."

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததை அந்த மனுசி மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். காரணத்துக்கு எங்கள் வினாக்கொத்தில் விலை, ருசி, நேரம், பழக்கம், வேறு என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. "வேறு" என்றால் விளக்கம் எழுதியாக வேண்டும். ஏன் காக்கா பேனையை ஒவ்வொரு கட்டமாக இறக்கிக்கொண்டு "வேறு" வரை போனார். பிறகு "ருசி" என்பதற்கு நேரே சரி போட்டு, ராத்தாவிடம் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"இப்பிடித்தான் எழுதியிருக்கன் ராத்தா. வேற ஒண்டும் இல்ல."

திரும்பும்போது சைக்கிளில் ஏறவில்லை. கடற்கரை றோட்டில் தள்ளிக்கொண்டே நடந்தார். வழியில் பலாப்பழத்தோடு வந்த ஒருவரை ஒன்றும் கேட்காமல் போக விட்டார். அந்த மனிதர் நின்று திரும்பிப் பார்த்தார், ஏதோ அவமானப்பட்டவர் போல.

ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து நாளில் கொழும்பிலிருந்து ஜீப்பில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். கழுத்துப் பட்டி, கையில் கமரா. எங்கள் வெயிலில் கழுத்துப் பட்டி கட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பரிதாபமாக இருக்கும். அவர் கதிரையில் உட்காரவே இல்லை.

"அந்த வீடு எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணைப் படம் எடுக்க வேண்டும். அறிக்கையின் அட்டையிலேயே போடப்போகிறோம்."

ஏன் காக்கா மேசையைப் பார்த்துச் சொன்னார். "அப்பிடி ஒரு வீடு இல்ல சேர்."

"நாலு பக்கம் எழுதினீரே."

"கூட்டல்ல பிழை விட்டுட்டன். அவங்க ஒரு றாத்தல்தான் வாங்குறாங்க."

"பட்டதாரி ஒருவர் ஒன்றையும் அரையையும் கூட்டத் தெரியாமலா இருக்கிறீர்?"

"ஓம் சேர்."

கோட்டுக்காகக் கல்யாண வீட்டு இறைச்சியையே தியாகம் செய்த மனிதர், வாழ்நாளில் கண்ட ஒரே அதிசயத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, முட்டாள் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நின்றார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீரும் போனீரா?"

"போனன் சேர். காக்கா சொல்றது சரி" என்றேன். அந்த அலுவலகத்தில் நான் ஒரு வருடமாகச் சொல்லிவந்த பொய்களில் வெட்கப்படாமல் சொன்னது அது ஒன்றுதான்.

பெரியவர் கோபத்தோடு மற்ற வினாக்கொத்துகளைப் புரட்டினார். என் இருபது வீடுகளில் வந்து நின்றார். முகம் மலர்ந்தது. "இது யார் செய்தது? இதுதான் வேலை."

அடுத்த கிழமை கடிதம் வந்தது. கணக்குத் தெரியாத மேற்பார்வையாளருக்கு வேலை நீக்கம். இல்லாத மனிதர்களைக் கண்டுபிடித்த எனக்குப் பதவி உயர்வு. ஆராய்ச்சியின் தரம் அப்படி.

ஏன் காக்கா சாவியையும் அட்டையையும் என்னிடம் ஒப்படைத்தார். படியில் இறங்கிய பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"வரிப்பத்தான்சேன என்ட உம்மாட ஊர், தம்பி. போன மாசம் மாமாட வீட்ட போயிருந்தன். ஒன்ட இருவது பேர்ல ஒத்தரும் அங்க இல்ல."

"கொழும்பு சேர்ட்ட சொல்லியிருக்கலாமே காக்கா."

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிரும். ஒங்கட வாப்பாக்கு வேற சுகமில்ல."

அந்தக் கதிரையில் நான் மூன்று மாதம்தான் இருந்தேன். பிறகு ஒரு பொய்ச் சாட்டுச் சொல்லி விலகி, கடைத்தெருவில் புடவைக் கடை ஒன்றில் சேர்ந்தேன். அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. எனது இருபது குடும்பங்களுக்கும் தனி அட்டவணையே கொடுத்திருந்தார்கள். சுலைஹா ராத்தாவின் மாப்பிள்ளை அடுத்த வருடம் ஒரு ரேடியோவோடும் ஓர் உடைந்த கையோடும் வந்து சேர்ந்தார். அவர் ஏன் எழுதவில்லை என்பதற்கு அந்தக் கையே பதில். ஏன் காக்கா அக்கரைப்பற்றில் ஓர் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பித்தார். பாதிப் பேர் பெயிலானார்கள். மிகவும் மோசமான வாத்தியார் என்று பெயர் எடுத்தார், அதுவும் நியாயமாக.

நாலைந்து வருடம் கழித்துக் கல்முனை ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்த மகள் பிறந்தாள். தாதி வெளியே வந்து சொன்னதும் வீட்டுக்கு ஓட வேண்டியவன் நான். அங்கே உம்மா, மாமி, மச்சான்மார் என்று ஒரு படையே காத்திருந்தது. வாசலில் அக்கரைப்பற்று பஸ் நின்றது. வீட்டில் வந்து சொல்லிக்கொள்ளலாம், முதலில் அந்த ஓலைக் கொட்டிலில் சொல்ல வேண்டும் என்று அதில் ஏறிவிட்டேன்.