கழுத்தளவு தண்ணீரில் ஒரு சம்மன்

தொட்டியத்தில் இருக்கும் அன்புள்ள அக்காவுக்கு, அரியமங்கலத்திலிருந்து தம்பி ஸ்டீபன்ராஜ் வணங்கி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் பிலோமினாவும் சுகம். அத்தானின் முழங்காலும் காற்றில் சாய்ந்த வாழைகளும் இந்நேரம் நிமிர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் அழ ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டு அழகிரி, அதுதான் லேத் பட்டறைக்காரர், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் மாடிக்கு இரும்புப் படிக்கட்டு வைத்ததும், அதற்கப்புறம் பிலோமினாவின் சக்கர நாற்காலி தெருவுக்கே போக முடியாமல் நின்றதும் உங்களுக்குத் தெரியும். நாற்காலியோடு அவளைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. பூசையை டிவியில் பார்த்துவிட்டு, "பிரசங்கத்துல தூங்கினாக்கூட யாரும் பார்க்க மாட்டேங்கறாங்க, என்ன பூசை இது" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதைப் பொறுக்காமல்தான் வக்கீல் மும்தாஜ் மேடத்தைப் பிடித்துக் கேஸ் போட்டேன். கேஸ் போடுவது சுலபம் அக்கா. போட்டிருக்கிறோம் என்று எதிராளியிடம் சொல்வதுதான் பெரும்பாடு.

தபாலில் போன சம்மன் "வீடு பூட்டியிருக்கிறது" என்று திரும்பியது. அன்றைக்கு அந்த வீட்டில் மீன் வறுத்த வாசனை எங்கள் கூடம் வரை வந்தது. அப்புறம் கோர்ட் அமீனா ஜெய்சங்கர் நேரில் கொடுக்க வந்தார். நானும் கூடப் போய் ஆளைக் காட்ட வேண்டுமாம். பட்டறைக்குப் போனால் அழகிரி வீட்டுக்குப் போயிருப்பார். வீட்டுக்கு வந்தால் பட்டறைக்குப் போயிருப்பார். "கதவுல ஒட்டிட்டுப் போயிடலாமே சார்" என்றேன். "அதெல்லாம் ஆளே அகப்படலைன்னாத்தாங்க. இவர் அகப்படறாரு, நிக்கத்தான் மாட்டேங்கறாரு" என்றார் அமீனா.

ஒரு நாள் ஆளையே காணவில்லை. நான் வாசலில் முழித்துக்கொண்டு நிற்க, அழகிரியின் மனைவியே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அண்ணே, அவரைத்தானே தேடறீங்க? ஸ்ரீரங்கத்துல மக வீட்டுல இருக்காரு. காலைல அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போவாரு. பிரஷர் மாத்திரையை இங்கயே வச்சிட்டுப் போயிட்டாரு, சம்மனோட இதையும் கொடுத்துடுங்க" என்று ஓர் அட்டையை நீட்டினார். பிரதிவாதிக்கு மாத்திரை கொண்டுபோன வாதி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் நானும் அமீனாவும் டவுன் பஸ் பிடித்து அம்மா மண்டபம் காவிரிப் படித்துறைக்குப் போனோம். முழங்காலளவு தண்ணீரில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த அழகிரி, எங்களைக் கண்டதும் கழுத்தளவுக்குப் போய்விட்டார். அமீனா ஷூ நனையாத படியில் நின்றுகொண்டு, "சார், கோர்ட் சம்மன். வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். "குளிச்சிட்டு வரேங்க, நீங்க முன்னால போங்க" என்றார் அழகிரி. குளிக்க வந்தவர்கள் எல்லாம் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். தர்ப்பணம் செய்துவைத்துக்கொண்டிருந்த வாத்தியார், "தீர்த்தத்துல நிக்கறவருக்கு நோட்டீஸ் குடுக்கப்படாது" என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "அவரு எங்க குளிக்கறாரு, நடுங்கிக்கிட்டுல்ல நிக்கறாரு" என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவர் முகம் வெளுத்திருந்தது. கேஸ் மறந்துபோய்விட்டது அக்கா. செருப்போடு தண்ணீரில் இறங்கி, "என்னய்யா இது, மாத்திரையும் போடாம! உங்க வீட்டுல கொடுத்து விட்டிருக்காங்க, ஏறி வாங்க முதல்ல" என்று கத்தினேன்.

ஏறி வந்தார். என் துண்டில் தலையைத் துவட்டிக்கொண்டார். மாத்திரையை விழுங்கினார். அமீனா காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

"கோர்ட்டுக்குப் பயந்து ஓடலைங்க. மருமக தனி வழி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு, அவசரத்துல வெல்டிங் வச்சிட்டேன். அப்புறம் உங்க வீட்டம்மா ஜன்னல்லயே உட்கார்ந்திருக்கறதைப் பார்க்கப் பார்க்க உங்க மூஞ்சில முழிக்க வெட்கமாப் போச்சு. எடுத்துடலாம்னு வீட்டுல சொல்லவும் தைரியமில்லை. இப்ப கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு சொல்லிக்கலாம்ல?"

"கோர்ட் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க. வரத்தான் சொல்லியிருக்கு" என்று அமீனா திருத்தினார்.

"அது மருமகளுக்குத் தெரியாதுங்க" என்றார் அழகிரி.

அங்கேயே பட்டறைக்குப் போன் போட்டு, படிக்கட்டை அறுக்க ஆள் சொல்லிவிட்டார். மூன்று பேருமாக இட்லி சாப்பிட்டோம். அமீனா தன் இட்லிக்குத் தானே காசு கொடுத்தார், உத்தியோகத்தில் அப்படித்தானாம்.

ஆக, இந்த ஞாயிறு பிலோமினாவை நானே கோவிலுக்குத் தள்ளிக்கொண்டு போகப் போகிறேன். நீலப் புடவையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். உங்களையும் அத்தானையும் பிள்ளைகளையும் ஆண்டவர் குறைவில்லாமல் காக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
ஸ்டீபன்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். இன்று காலை படிக்கட்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். மாடியில் இருக்கும் மகனும் மருமகளும் எப்படி இறங்குவார்கள் என்று அழகிரி உட்பட யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த பழைய படியை முன்பே இடித்து அறையாக்கிவிட்டாராம். இப்போது அவர்கள் எங்கள் மொட்டை மாடிக்குத் தாண்டி, எங்கள் படியில் இறங்கி, எங்கள் கூடம் வழியாகச் சந்துக்கு வந்துதான் தெருவுக்குப் போகிறார்கள். மருமகள் போகிற வழியில் உட்கார்ந்து பிலோமினாவுக்குத் தலை பின்னிவிட்டாள். சந்து காலியாகக் கிடக்கிறது. "வா, தெருவைப் பார்த்துட்டு வருவோம்" என்றேன். "இருங்க, அந்தப் பொண்ணு திரும்பி வர நேரம்" என்கிறாள். புதுப் படியை அவசரப்படாமல் நிதானமாக வைக்கும்படி அழகிரிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். ஞாயிறு பூசைக்கு மட்டும் வருவாளாம். ஆனால் நாற்காலியை நான் தள்ளக் கூடாதாம். நான் மேடு பள்ளம் பார்க்க மாட்டேனாம், அந்தப் பெண்தான் தள்ள வேண்டுமாம்.