டவுட்டு அண்ணனின் புங்கமரம்

“…ஆகக்கூடி, யாரோ வேணும்னே தான் பண்றாங்கோ! இலை தானா ஓட்டை ஆவுமா சார்?”

டவுட்டு அண்ணனைப் போல் சந்தேகப்பட ஒரகடம் வட்டாரத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். டீ சூடாக வந்தால்கூட, “எத்த மறைக்க இவ்ளோ சூடு?” என்பார்.

காம்பவுண்டு ஓரம் ஒரே நாளில் நட்ட இரண்டு புங்கமரங்கள். கேன்டீன் பக்கத்து மரம் பருத்துவிட்டது. ஸ்கிராப் யார்டு பக்கத்து மரமோ நோஞ்சான், இலையெல்லாம் சல்லடை. “வளராத மரம் எதுக்குய்யா? மாசக் கடைசியில வெட்டிட்டு லாரி நிறுத்தலாம்” என்றுவிட்டார் மேனேஜர்.

அண்ணன் விசாரணையில் இறங்கினார். முதலில் மாட்டியவர் ஹாஸ்டலில் தங்கியிருந்த திருநெல்வேலி வெல்டர்.

“பல்லு வெளக்க நீதான ஒடிக்கிற?”

“எங்கிட்ட பேஸ்ட்டு கெடக்குண்ணே! வேணும்னா வாய மோந்து பாருங்க.”

மோந்தே பார்த்தார். “புதினா வாசன. ஆனாலும் டவுட்டு கீது.”

அடுத்து, மரத்தடியில் தின்னர் ஊற்றுகிறார்களோ என்று பெயின்ட் ஷாப் வாளிகளை மோந்தார். கடைசியில் பரிசோதனை லைனிலிருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய், சுருண்டிருந்த ஓர் இலையைப் பிரித்தார். உள்ளே கொழுகொழுவென்று பச்சைப் புழு.

“மாட்னான்யா! கேட் பாஸ் இல்லாம இவன உள்ள வுட்டது யாரு?”

“புழு இலையத்தானே தின்னுது? அடிமரம் ஏன்ணே பெருக்கல?” என்றேன்.

“இலதான்யா மரத்துக்கு சமையக்கட்டு. அத்தையே துன்னுட்டா சோறு எங்க ஆவும்? கீற சத்தெல்லாம் புது இல வுடவே பூடுது. உடம்பு எப்டி வெக்கும்?”

வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து நாள் தவறாமல் தெளித்தார். செம்பு நிறத்தில் துளிர் வந்தது. மேனேஜர் அசையவில்லை.

“அடிமரம் ஒரு நூல்கூடப் பெருக்கல. நாளைக்கு ஆள் வரும்.”

“இப்பதான் சார் சோத்துக்கு ஒல வெச்சிகீது! துன்ன டைம் குடுங்கோ.”

“முடியாது.”

சந்தேகமான சரக்கில் நாங்கள் மஞ்சள் ‘ஹோல்டு’ அட்டை கட்டுவோம். கட்டியவரே கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. மேனேஜரே போட்ட சட்டம். மறுநாள் காலை ரம்பத்தோடு ஆள் வந்தபோது, புங்கமரத்தின் இடுப்பில் அந்த அட்டை. காரணம்: ‘வளர்ச்சி சந்தேகம்’.

“கூப்புடுய்யா அந்தாள!” என்று கத்தினார் மேனேஜர்.

ஆளைக் காணோம். தன் இடத்தில் யாரை உட்கார வைப்பார்களோ என்று சந்தேகப்பட்டே, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் லீவு போடாத மனுஷன், ஒரு மரம் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒரு மாத லீவு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.